கட்டில் காலியாகும் வரை

சங்கம் ஊருக்குச் செய்த முதல் சேவை ஒரு பெஞ்சு. பூங்கா வாசலில் போட்டார்கள். முதுகுப் பலகையில் சங்கத்தின் பெயர், தலைவர் பெயர், செயலாளர் பெயர், பொருளாளர் பெயர், திறந்துவைத்தவர் பெயர் என்று எழுதிக்கொண்டே போனதில், உட்காரும் பலகை ஏதோ மறந்துபோய் வைத்ததுபோல் தெரிந்தது. பெயிண்டு காயும்வரை பொறுத்திருக்கப் புகைப்படக்காரருக்கு நேரமில்லை. திறந்துவைத்த பெரியவர் உட்கார்ந்து, சாய்ந்து, படத்துக்குச் சிரித்து எழுந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் சங்கத்தின் பெயர் இடவலம் மாறி ஒட்டியிருந்தது. அன்று முழுக்க அவர் போன இடத்துக்கெல்லாம் சங்கமும் கூடவே போனது.

அடுத்தது பேருந்து நிழற்குடை. பேருந்து நிற்பது சாலையின் இந்தப் பக்கம். நிழற்குடை இருப்பது அந்தப் பக்கம். காரணம் கேட்டால் செயலாளர் கூச்சப்படாமல் சொல்வார்: அந்தப் பக்கம்தான் காலை வெளிச்சம் முகத்தில் விழும், படம் நன்றாக வரும். இன்றைக்கும் மழை வந்தால் ஜனங்கள் அதற்குள் ஒதுங்குகிறார்கள். பேருந்து வந்தால் வெளியே ஓடி, ஒதுங்கியதற்கும் சேர்த்து நனைகிறார்கள்.

இப்படியே கிண்டல் செய்துகொண்டு போகலாம். ஆனால் கட்டில் விஷயம் வந்தால் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். சங்கத்திடம் சில இரும்புக் கட்டில்கள் இருந்தன. கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல எழும்பும். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி. எழுந்து நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு அதை இலவசமாகக் கொடுப்பார்கள். வேண்டிய காலம்வரை வைத்துக்கொள்ளலாம். கட்டில் போகும்போது ஒரு புகைப்படம். திரும்பும்போது ஒரு மலர்வளையம். மலர்வளையம் கொண்டுபோகிற வண்டியிலேயே கட்டிலை ஏற்றி வந்துவிடுவார்கள். ஒரே வண்டி, ஒரே டீசல். சங்கத்தின் சரித்திரத்தில் எந்தக் கட்டிலும் வேறுவிதமாகத் திரும்பியதில்லை.

இந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி. கமிட்டி என்றால் ஒரே ஆள், காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவருக்குக் கட்டில்காரர் என்று பெயர் வைத்திருந்தது. வாரம் தவறாமல் எல்லாக் கட்டில் வீட்டுக்கும் தொலைபேசியில் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அந்த விசாரிப்பில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் ஒரு குடும்பம் கட்டிலுக்குக் காத்திருக்கும்போது, அந்தப் பக்கம் "பரவாயில்லை சார், இன்னிக்கு நல்லா சாப்பிட்டாரு" என்று சொன்னால் மனுஷன் என்னதான் செய்வார்? "ரொம்ப சந்தோஷம்" என்பார். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டவர்கள் அன்று இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

பெஞ்சு முதல் கட்டில்வரை எல்லாவற்றிலும் பெயர் எழுதியவர் ஒருவர்தான். போர்டுக்காரர். மலர்வளையத்தில் சுற்றுகிற ரிப்பன்கூட அவர் கைதான். சங்கத்தின் சேவையில் முக்கால்வாசி எழுத்து என்பதால், சங்கமே அவர் தூரிகையில்தான் ஓடுகிறது என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். பொய்யில்லை.

சங்கத்துக்குப் பொன்விழா வந்தது. கட்டடத்தின் முன்சுவர் முழுக்க எழுத வேண்டும் என்றார்கள். போர்டுக்காரர் ஏணி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைவர், டைல்ஸ் கடை வைத்திருப்பவர், தன் பெயர் ஜன்னலுக்குக் கீழே வருகிறதே என்று வருத்தப்பட்டார். இன்னும் கொஞ்சம் மேலே போனால் தெருமுனையில் இருந்தே தெரியும் என்றார். போர்டுக்காரர் இன்னும் கொஞ்சம் மேலே போனார். ஏணி வரவில்லை.

விழுந்ததில் அடிபட்டது இடுப்பும் முதுகும். அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, நடக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் நாளாகும் என்றார்கள். தரையில் படுக்க வைக்காதீர்கள், கைப்பிடி வைத்த கட்டில் பாருங்கள், தினமும் கால்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். தலைவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார். படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்குள் பின்வாசல் வழியாகத்தான் போனார் என்று காவலாளி சொன்னார். முன்சுவரில் அவர் பெயர் பாதியில் நின்றிருந்தது.

போர்டுக்காரரின் மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தெருவில் எல்லாருக்கும் ரொட்டியக்கா. அடுப்பில் இருந்து வரும் தட்டு வண்டியை இழுத்து, ஆறிய ரொட்டியை உறையில் போட்டு, வாயை முறுக்கி, அடுத்த ரொட்டி. உட்கார இடம் கிடையாது. தலைமுடியில் எப்போதும் ஈஸ்ட் வாசனை இருக்கும். வேலை முடிந்தால் உடைந்த பன்களை ஒரு பையில் போட்டு எடுத்துப்போக விடுவார்கள். நின்று நின்று வலித்த காலோடு வீட்டுக்கு வந்தால், தரையில் மெத்தைமேல் கிடக்கிற புருஷனைத் தூக்க வேண்டும்.

தூக்குவது என்றால் சும்மா இல்லை. முதலில் முழங்காலிட வேண்டும். அவர் அக்குளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. அவர் மூச்சைப் பிடிப்பார், இவளும் பிடிப்பாள். இந்தப் பக்கம் திருப்பி, துடைத்து, பவுடர் போட்டு, அந்தப் பக்கம் திருப்பி. கீழே சட்டி வைத்து எடுக்க வேண்டும். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. தரை வியர்த்தது. மெத்தையின் அடிப்பக்கம் காய்வதே இல்லை. அவருடைய இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, பிறகு கறுத்தது. அவள் ஒரு நாள் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டு, நிமிரவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விழுந்தால் இந்த வீட்டைத் தூக்க வேறு ஆள் இல்லை. கூட இருந்தது நாத்தனார் மட்டும்தான், அவருடைய அக்கா. வயசானவள், மூட்டு தேய்ந்தவள், நாக்கு மட்டும் தேயாதவள்.

கட்டில்காரர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எங்கள் போர்டுக்காரருக்கு இல்லாத கட்டிலா என்று சொன்னார். வரிசையில் நீங்கள்தான் முதல், காலியானதும் முதல் வேலை உங்கள் வீடுதான்.

"எப்ப சார் காலியாகும்?" என்றாள் ரொட்டியக்கா.

கட்டில்காரர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

போர்டுக்காரர் தரையில் இருந்தே சொன்னார்: "அதை எப்படிச் சொல்லுவார் அவர்? மேல இருக்கிறவன் இவரோட கமிட்டியில இல்லையே."

தன்னிடம் ரகசியம் நிற்கும் என்பது கட்டில்காரரின் நெடுநாள் நம்பிக்கை. குரலைத் தாழ்த்தி, சந்தில் எதிர்வீட்டில் இருக்கிற டிரில் மாஸ்டரின் நிலைமைதான் கொஞ்சம் மோசம் என்று கேள்வி என்றார். நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கும், நமக்கும் ஒரு தகவல் கிடைத்த மாதிரி இருக்கும்.

அவர் போனதும் நாத்தனார் வெற்றுச் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த மாஸ்டர் எப்பப் போவாராம்?"

"சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாதான் இருக்கேன். நீ மனசுக்குள்ள கேட்டதைத்தான் வாயால கேட்டேன்."

டிரில் மாஸ்டரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாதி ஊரை வெயிலில் ஓட விட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டில் இருந்தார். தங்கை துணி திருத்தித் தைப்பவள், புருஷன் போனபிறகு அண்ணனே துணை. நுரையீரல் கெட்டுப் படுத்தபிறகு மாஸ்டருக்குக் குரல் எழும்பவில்லை. அதனால் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காலையில் கண் விழித்ததும் ஒரு விசில். தங்கைக்குத்தான் அது, வெந்நீர் கொண்டுவா என்று அர்த்தம். ஆனால் சந்து முழுக்க அதைக் கேட்டுத்தான் எழுந்தது. பால் பொங்குகிற நேரம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் எல்லாம் அந்த விசிலுக்கு முன், பின் என்றே கணக்கு.

ரொட்டியக்கா இரண்டு பன்னைத் தட்டில் வைத்து, மூடி, எடுத்துப்போனாள். சந்தின் குறுக்கே போகும்போது கால் கூசியது. வாசலில் தையல் மெஷின் நின்றது. தங்கை எழுந்து வந்து, யார் இது, போர்டுக்காரர் வீட்டுப் பொண்ணா, உள்ளே வா என்றாள். உள்ளே கட்டில். தலைமாட்டில் சங்கத்தின் பெயரும், கட்டில் உபயம் செய்தவர் பெயரும், புருஷனின் எழுத்தில். அவள் முதலில் பார்த்தது அதைத்தான். பிறகு கைப்பிடியை. பிறகு கம்பியை. மாஸ்டரைக் கடைசியாகத்தான் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் புருஷன் ஏழாம் வகுப்புல ஓடும்போது எப்பவும் கடைசி," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "இப்ப எப்படி இருக்கான்?"

"படுத்திருக்காரு மாஸ்டர்."

"பாத்தியா. அப்பவே சொன்னேன், ஓடுடான்னு."

பன்னைப் பாலில் நனைத்துத் தங்கை ஊட்டினாள். ரொம்ப நாளாக எதுவும் சரியாக இறங்குவதில்லை என்று முதலில் சொன்னவள், பன் முழுவதும் உள்ளே போனதும் ரொட்டியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ வந்த ராசி என்றாள். ரொட்டியக்கா சந்தோஷப்பட்டாள். வீட்டுப் படியேறும்போதுதான், அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே இன்னொன்று கிடப்பது தெரிந்தது. அதற்கு அவளால் பெயர் சொல்ல முடியவில்லை.

மறுநாள் போகாமல் இருந்தால், நிலவரம் பார்க்கத்தான் வந்தாள் என்று ஆகிவிடும். போனாள். அதற்கடுத்த நாளும். பன், ஒரு நாள் காய்கறி சூப்பு, ஒரு நாள் கேக்கின் ஓரம். மாஸ்டர் கன்னத்தில் லேசாகச் சதை தெரிந்தது. தங்கை துணி தைத்தபடியே தன் கதையெல்லாம் சொன்னாள். பேச ஆள் கிடைக்காமல் அவளுக்கு நாக்கு ஒட்டிப்போயிருந்தது. ரொட்டியக்காவுக்கும் அங்கே உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. நாள் முழுக்க நின்றவளுக்கு உட்காரக் கிடைத்த நேரம் அதுதான். வீட்டிலோ புண் உடைந்துவிட்டது. மருந்து வைத்துக் கட்டும்போது போர்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது ஜோக் சொல்வார். ஜோக் பாதியில் நின்றுவிடும்.

"நீ போடுற சூப்புல மாஸ்டர் இன்னும் பத்து வருஷம் ஓடுவாரு," என்றாள் நாத்தனார். "என் தம்பி இங்கயே தரையோட தரையா ஒட்டிக்கட்டும்."

"அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க? பட்டினி போடச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொல்ற."

காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் செய்கிற வேலை, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது. விசில் வரும். வந்ததும் உடம்பு தளரும். நிம்மதியாலா, ஏமாற்றத்தாலா என்று கேட்டுக்கொள்ளாமல் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

ஒரு நாள் காலை விசில் வரவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று ஜன்னலைத் திறந்தாள். இல்லை. பால் பொங்கியது, குழாயில் தண்ணீர் வந்தது, விசில் மட்டும் வரவில்லை. போய்ப் பார்க்கலாம். சந்தின் குறுக்கே பத்தடிதான். ஆனால் அவள் போகவில்லை. போனால் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக முன்னறையில் இருந்த அலமாரியை ஓரமாக நகர்த்தினாள். ஏன் நகர்த்துகிறாய் என்று போர்டுக்காரர் கேட்டார். கூட்டணும் என்றாள். கூட்டினாள். ஒரு கட்டில் போடும் அளவுக்குச் சுத்தமாகக் கூட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கட்டில்காரர் கூப்பிட்டார். வாராந்தர விசாரிப்பு. போர்டுக்காரர் எப்படி, புண் எப்படி. எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் அவள் வாயில் இருந்து அது வந்தது.

"இன்னிக்கு மாஸ்டர் வீட்டுல விசில் சத்தம் கேக்கல சார்."

அவ்வளவுதான் சொன்னாள். இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. பிற்பாடு அவள் தனக்குத்தானே இதை எத்தனையோ முறை சொல்லிக்கொண்டாள். ஆனால் கட்டில்காரருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. பொன்விழா மலர் அச்சுக்குப் போகிற வாரம் அது. அதில் கட்டில் சேவையைப் பற்றிய பக்கத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று தலைவர் தவித்துக்கொண்டிருந்தார். போர்டுக்காரர் வீட்டுக்குக் கட்டில் போகிற படமாக இருந்தால் தலைவருக்கும் தூக்கம் வரும்.

மழை விடுவதற்குள் வண்டி சந்துக்குள் வந்துவிட்டது. தலைவர், செயலாளர், கட்டில்காரர், புகைப்படக்காரர். எல்லாருடைய முகத்திலும் துக்கம் தயாராக இருந்தது. முன்னால் மலர்வளையம். அதில் எப்போதும் சுற்றுகிற அதே ரிப்பன், 'ஆழ்ந்த இரங்கல்' என்று கொட்டை எழுத்தில். ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வார்கள். ரொட்டியக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துடைப்பம் கையோடு இருக்க, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஆனால் செயலாளர் கதவைத் தட்டிவிட்டார்.

தங்கை கதவைத் திறந்தாள். வாயில் ஊசி நூல். உள்ளே, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்துகொண்டு, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பாதி கன்னம் மழித்திருந்தது. வந்தவர்களைப் பார்த்தார். மலர்வளையத்தைப் பார்த்தார். ரிப்பனை நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு," என்றார். "போர்டுக்காரன்தானே?"

தலைவருக்கு மட்டும், பல வருட மேடைப் பழக்கத்தில், வாய் தானாகவே திறந்தது. பொன்விழா ஆண்டை முன்னிட்டு ஊரின் மூத்த ஆசிரியர்களை அவர்கள் இல்லத்துக்கே சென்று கௌரவிப்பது என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது என்றார். அப்படியொரு தீர்மானம் அந்த நொடிதான் பிறந்தது. செயலாளர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு ரிப்பனை உருவினார். மாஸ்டரின் மடியில் மலர்வளையத்தை வைத்தார்கள். அது மடியில் நிற்கவில்லை, கழுத்தில் மாட்டவும் அளவு போதவில்லை, ஆகவே இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். அந்தப் படம் மலரில் முழுப் பக்கத்துக்கு வந்தது. நுரையும் பூவோடு பூவாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

படம் முடிந்ததும் மாஸ்டர் கேட்டார்: "யார் சொன்னது?"

கட்டில்காரர் வாயால் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் நல்லவர். ஆனால் அவருடைய கண்கள் நல்லவை இல்லை, வாசலுக்குப் போய்விட்டன. வாசலில் ரொட்டியக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"விசிலுக்குள்ள உருளுற கட்டை ஊறிப்போச்சு," என்றாள் தங்கை மெதுவாக, யாரையும் பார்க்காமல். "நேத்து வெந்நீர்ல போட்டுக் கழுவினேன். ஊதினா காத்துதான் வருது."

மாஸ்டர் ரொட்டியக்காவையே பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"அப்போ அந்தப் பன்னு..." என்றார்.

அவள் திரும்பி நடந்தாள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

விஷயத்தைக் கேட்டதும் போர்டுக்காரர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இடுப்பு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தார். மலர்வளையத்தைப் பொன்னாடையாக்கியது சங்கத்தின் ஐம்பது வருஷ சேவையில் இதுதான் முதல் தடவை என்றார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"அவர் போகணும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நானும்தான்," என்றார். "தெனமும் விசில் கேக்கும்போதெல்லாம்."

நாத்தனார் அடுப்படியில் இருந்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

பல நாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. தெருமுனையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். விசிலில் புதுக் கட்டை போட்டிருந்தார்கள் போலிருக்கிறது, முன்பைவிடக் கூர்மையாகக் கேட்டது. இப்போது காலையில் அது கேட்கும்வரை அவளுக்கு மூச்சே வரவில்லை. ஆனால் கேட்டதும் புருஷனின் புண்ணைக் கழுவப் போவாள். அங்கே குனியும்போது மறுபடியும் பழைய நினைப்பு வரும். இரண்டும் உண்மை. எது பொய் என்று தெரிந்தால் விட்டுவிடலாம்.

ஒரு சாயங்காலம் தங்கையே வந்தாள். கையில் தைக்க வந்த துணி மூட்டை. உள்ளே வந்து, தரையில் கிடந்த போர்டுக்காரரை முதல்முறையாகப் பார்த்தாள். ஈர மெத்தையைப் பார்த்தாள். ரொட்டியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள்.

"நீ இதைச் சொல்லவே இல்லையே," என்றாள்.

"எப்படிக்கா சொல்றது? சொன்னா, உங்க அண்ணன்..."

தங்கை தலையாட்டினாள். பிறகு, அண்ணன் பன் கேட்கிறார் என்றாள். கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள்.

மறுநாள் ரொட்டியக்கா போனாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். மாஸ்டர் அவளை உட்காரச் சொல்லவில்லை. டிரில் வகுப்பில் நிற்க வைப்பதுபோல் நிற்க வைத்தார்.

"தெனமும் வா," என்றார். "ஆனா சும்மா பாக்க வந்தேன்னு சொல்லாத. நேரா கேளு. இருக்கீங்களா மாஸ்டர்னு கேளு. நான் பதில் சொல்றேன்."

அவள் குனிந்து தட்டின் மூடியை எடுத்தாள்.

"கேளும்மா. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. போன்ல கேக்குறாங்க, பழம் வாங்கிட்டு வந்து கேக்குறாங்க. ஒருத்தராவது வாயைத் திறந்து கேட்டா என்ன?"

"இருக்கீங்களா மாஸ்டர்?"

"உள்ளேன்," என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பையன்கள் சொல்வதுபோல். கூப்பிடுவது அவர் வேலையாக இருந்தது, இப்போதுதான் முதல்முறையாக அவரே பதில் சொன்னார். "ஏறக்குறைய," என்று சேர்த்துக்கொண்டார். பன்னுக்கு வாயைத் திறந்தார்.

அப்படித்தான் கொஞ்ச காலம் போயிற்று. அவள் கேட்பாள், அவர் சொல்வார். பதில் நாளுக்கு நாள் மெலிந்தது. கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

ஒரு விடியற்காலை, விசில் நேரத்துக்கு முன்பே கதவு தட்டும் சத்தம் கேட்டது. தங்கை நின்றிருந்தாள். முடிந்துபோயிற்று என்றாள். அழுது முடித்திருந்தாள். சங்கத்துக்கு இன்னும் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் சொல்கிறேன், அண்ணன் அப்படித்தான் சொல்லச் சொன்னார் என்றாள். ரொட்டியக்கா அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள். அழும்போதே முன்னறையில் அலமாரி நகர்த்தியபடியே இருப்பது ஞாபகம் வந்தது. அதை அவள் திரும்ப இழுத்துப் போடவே இல்லை. அந்த ஞாபகம் வந்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள்.

மாஸ்டரை எடுத்துப்போன பிறகு, மதியம் மழை விட்ட இடைவெளியில், சந்தின் ஆட்கள் சேர்ந்து கட்டிலைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கை கால்மாட்டில் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி இல்லை, படம் இல்லை. சங்கம் ரொம்ப வருத்தப்பட்டது. கட்டில்காரர் இரண்டு நாள் கழித்து வந்து, செய்தது சரிதான் என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறது என்றார். வாருங்கள், கட்டிலை மறுபடியும் வெளியே கொண்டுபோய், ஒரு தடவை உள்ளே கொண்டுவந்துவிடலாம், படத்துக்கு மட்டும் என்றார். நாத்தனார் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் அவர் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கட்டில் வந்ததில் ரொட்டியக்காவின் முதுகுக்கு உயிர் வந்தது. முழங்காலிட வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் புருஷன் எழுந்து உட்கார்ந்தார். புண் காய ஆரம்பித்தது. போர்டுக்காரர் கழுத்தை வளைத்துத் தலைமாட்டில் இருந்த தன் எழுத்தைப் பார்த்து, உபயத்தில் 'ப' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, வெட்கக்கேடு என்றார். ஆனால் காலை மடக்கி நீட்டச் சொன்னால் மட்டும் செய்யமாட்டார். வலிக்கிறது, நாளைக்கு என்பார். கட்டில்தான் இருக்கிறதே.

கட்டில்காரரின் விசாரிப்பு வாராவாரம் வந்தது. போர்டுக்காரர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அவள் சொல்வாள். ரொம்ப சந்தோஷம் என்பார் அவர். அந்தச் சந்தோஷம் காதில் விழும்போதெல்லாம் அவள் திரும்பிக் கட்டிலைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் நின்றாள். தண்ணீர் கேன் போடுகிறவனின் மனைவி, இரண்டு தெரு தள்ளி வீடு. கையில் மூடி போட்ட ஒரு பாத்திரம். அவளுடைய மாமியார் விழுந்து, படுத்த படுக்கையாகி, தரையில் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்து எந்தக் கட்டில் காலியாகும் என்று கேட்டதற்குக் கட்டில்காரர் யார் வீட்டைச் சொல்லியிருப்பார் என்பதும் ரொட்டியக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"சும்மாதாங்க்கா," என்றாள் அந்தப் பெண். "பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

உள்ளே வந்தவள் முதலில் பார்த்தது தலைமாட்டை. பிறகு கைப்பிடியை. பிறகு கம்பியை. போர்டுக்காரரைக் கடைசியாகத்தான் பார்த்தாள். ரொட்டியக்கா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அடி இன்னும் சுட்டது. அந்தப் பெண் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து நின்றாள். முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"கேளும்மா," என்றாள் ரொட்டியக்கா. "நேராவே கேளு. தப்பில்ல."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. முகம் சிவந்து, தலை குனிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நாத்தனார் நின்று பார்த்தாள்.

கட்டிலில் இருந்து போர்டுக்காரர் சொன்னார்.

"உள்ளேன்."

பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைக் கண்ணால் காட்டினார். "சுத்து," என்றார் மனைவியிடம். "முழுசா சுத்து. காலை எறக்கு."

"இன்னிக்கா? வலிக்கும்னு சொன்னீங்களே."

"வலிக்கட்டும். இந்தக் கட்டில் ஒரு தடவையாவது பூ இல்லாம திரும்பிப் போகட்டும்."

அவள் சுற்றினாள். தலைப்பக்கம் எழும்பியது. அவருடைய இரண்டு காலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து விளிம்புக்குக் கொண்டுவந்தாள். பாதம் தரையைத் தொட்டதும் அவர் முகம் கோணியது. ஒரு பக்கம் அக்குளில் அவள் கை. மறுபக்கம் தாங்க ஆள் இல்லை. தண்ணீர் கேன்காரனின் மனைவி ஒரு நொடி நின்றாள், பிறகு வந்து அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அவர் எழுந்தார், முழுசாக இல்லை, பாதி. நடுங்கிக்கொண்டே நின்றார். இரண்டு பெண்களும் அவரைத் தாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.